எழுதி வாங்கிய தாளும் நடுவர் இட்ட ஆணையும்

சட்ட உதவி முகாம் ஒன்றில், என் எதிரே உட்கார்ந்த பெண் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே நான்காக மடித்த ஐந்து தாள்கள். ஐந்திலும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான். இனிமேல் குடித்துவிட்டு மனைவியை அடிக்க மாட்டேன், ஒழுங்காக வைத்துக் காப்பாற்றுவேன். கீழே கணவரின் கையெழுத்து, சாட்சிக்கு அவருடைய பெரியப்பா கையெழுத்து, ஓரத்தில் இவருடையதும். முதல் தாளுக்கும் ஐந்தாவது தாளுக்கும் நடுவே நான்கு வருடங்கள் போயிருந்தன.

"ஸ்டேஷன்ல வச்சுத்தான் மேடம் எழுதிக் கொடுத்தாரு. அதுக்கப்புறமும் அடிச்சா, இத வச்சு அவர ஒண்ணும் செய்ய முடியாதா?"

முடியாது என்றுதான் சொல்லவேண்டியிருந்தது. அந்தத் தாளை மீறியது தனியாக ஒரு குற்றமே இல்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு புகார், புதிதாக ஒரு சமாதானம், புதிதாக ஒரு தாள். தன்னிடம் இருப்பது சட்டத்தின் காகிதம் என்று நம்பித்தான் ஒவ்வொரு முறையும் அவர் அதே வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறார். 'நீதிமன்றத்தில் ஒரு ஆணை வாங்கலாம், அதை மீறினால் அவரைக் கைது செய்யலாம்' என்று அந்த நான்கு வருடத்தில் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது. வீட்டுக்குள் நடப்பதைச் சொல்லப் பெண்கள் படியேற ஓர் இடம் கிடைத்தது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பேசி முடித்து, எழுதி வாங்கி அனுப்பும் பழக்கமும் அந்தப் படிகளோடு சேர்ந்தே வளர்ந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அகில இந்திய அளவு 29 சதவீதம். இத்தனை வீடுகளில் அடி விழுகிற மாநிலத்தில், பாதுகாப்பு ஆணை என்ற சொல்லே பலருக்குத் தெரியாமல் இருப்பதுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. கோர்ட் வளாகத்தில் 'டி.வி. ஆக்ட்' என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பு அடிபட்ட மனைவிக்கு இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, கணவர் மீது வரதட்சணை அல்லது கொடுமைப் பிரிவில் கிரிமினல் வழக்கு. இன்னொன்று, குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து. பெரும்பாலான பெண்களுக்கு அந்த நேரத்தில் இரண்டுமே வேண்டியதில்லை. அவர் ஜெயிலுக்குப் போகவேண்டாம், தாலியும் அறவேண்டாம், அடி மட்டும் நின்றால் போதும் என்பதுதான் அவர்கள் கேட்பது. அந்தக் கேள்விக்குச் சட்டம் சொன்ன பதில்தான் பாதுகாப்பு ஆணை.

மனு போட்ட உடனே யாரும் கைதாக மாட்டார்கள். மாஜிஸ்திரேட் என்று நாம் சொல்லும் நீதித்துறை நடுவர், எதிர்மனுதாரரைப் பார்த்து 'இன்னின்னதைச் செய்யாதே' என்று தடை போடுகிறார், அவ்வளவுதான். தடையை மீறினால் கதை மாறுகிறது. 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விடமுடியாத வகைக் குற்றம் அது. மீறினார் என்பதற்குப் பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் ஒன்றை மட்டுமே வைத்து நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என்றும் 32-ஆம் பிரிவு சொல்கிறது. நான்கு சுவருக்குள் நடப்பதற்கு வேறு சாட்சி எங்கே போய்த் தேடுவது என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் யோசித்திருக்கிறார்கள். ஆணை வழங்க, வன்முறை நடந்திருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நடந்திருக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நடுவருக்கு முதல்நோக்கில் தோன்றினாலே போதும். கொலை வழக்கில் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்த பிறகுதான் என்று காத்திருக்கவேண்டியதில்லை. 'கொளுத்திடுவேன்' என்று மண்ணெண்ணெய் கேனை எடுத்துக் காட்டியவன் மேல் ஆணை வாங்கத் தீக்காயம் வரை பொறுத்திருக்கவேண்டாம்.

ஆணையில் என்னென்ன கேட்கலாம் என்பதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மனுக்கள் வலுவிழப்பது இங்கேதான். 'எனக்குப் பாதுகாப்பு வழங்கவேண்டும்' என்று ஒரே வரியில் கேட்டால், ஆணையும் ஒரே வரியில் வரும். அதை வைத்துக்கொண்டு போலீஸிடம் எதையும் காட்ட முடியாது. 18-ஆம் பிரிவில் உள்ளவற்றைப் பிரித்துப் பிரித்துக் கேட்கவேண்டும். அடிக்கக்கூடாது, பிறரை விட்டு அடிக்கவும் தூண்டக்கூடாது. நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு வரக்கூடாது. பிள்ளை படிக்கும் பள்ளி வாசலுக்கு வரக்கூடாது. நேரிலோ, போனிலோ, வாட்ஸ்அப்பிலோ, அவர் தம்பி மூலமாகவோ என்னைத் தொடர்புகொள்ளக்கூடாது. கூட்டுக் கணக்கிலும் லாக்கரிலும் இருப்பதை நீதிமன்ற அனுமதி இல்லாமல் எடுக்கக்கூடாது, என் சீதன நகையை அடகு வைக்கக்கூடாது. எனக்கு அடைக்கலம் கொடுத்த அக்காவையோ சாட்சி சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரையோ மிரட்டக்கூடாது. கம்பெனியின் பெயர், பள்ளியின் பெயர், தெரு, போன் எண் எல்லாம் மனுவில் இருக்கவேண்டும். ஆணையில் பள்ளியின் பெயர் இருந்தால்தான் வாசலில் நிற்கும் ஆளைப் பார்த்ததும் தலைமையாசிரியை தயங்காமல் போலீஸுக்குப் போன் போடுவார்.

இதோடு சேர்த்தே, அதே மனுவில், வேறு நான்கும் கேட்கலாம். வீட்டில் இருக்கும் உரிமைக்கு வசிப்பிட ஆணை, செலவுக்குப் பண நிவாரணம், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் ஆணை, பட்ட காயத்துக்கும் மனவேதனைக்கும் இழப்பீடு. கணவர் பணம் கட்டாமல் இழுத்தடித்தால், அவருடைய முதலாளியையோ அவரிடம் கடன்பட்டவரையோ நேரடியாக மனைவியிடம் பணம் செலுத்தச் சொல்லவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. விவாகரத்து வழக்கு ஏற்கெனவே குடும்ப நீதிமன்றத்தில் நடக்கிறது என்றால் இந்த நிவாரணங்களை அங்கேயே கேட்கவும் 26-ஆம் பிரிவு இடம் தருகிறது.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். 'வீட்டை விட்டு வந்தால்தான் கேஸ் போட முடியும்' என்றும், 'வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, உனக்கு என்ன உரிமை' என்றும் இரண்டு வாக்கியங்கள் பெண்களைக் காலங்காலமாகத் தெருவில் நிறுத்தியிருக்கின்றன. இரண்டும் தப்பு. அதே வீட்டில் இருந்துகொண்டே மனு போடலாம். தேவைப்பட்டால் அடிக்கிறவரை வெளியேறச் சொல்லி நடுவர் உத்தரவிடலாம் (வெளியேறச் சொல்லும் இந்த ஆணையைப் பெண் எதிர்மனுதாரர் மீது, அதாவது மாமியார், நாத்தனார் மீது, போடமுடியாது). பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது வசிக்கும் உரிமையை ஒழித்துவிடாது. கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடும் 'பகிர்ந்து வாழும் இல்லம்' ஆகலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பையே மாற்றி எழுதியது. வீடு அவளுக்குச் சொந்தமாகிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. சட்டப்படியான நடைமுறை இல்லாமல் அவளை வெளியே தள்ள முடியாது என்பதே பொருள்.

யார் யாரெல்லாம் கேட்கலாம்? மனைவி மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மகள், அக்கா தங்கை, தாய், விதவையான அண்ணி என ஒரே வீட்டில் உறவுமுறையாக வாழ்கிற அல்லது வாழ்ந்த எந்தப் பெண்ணும் கேட்கலாம். திருமணம் போலவே சேர்ந்து வாழ்ந்தவரும் கேட்கலாம். ஆனால் எல்லா உறவும் அதில் அடங்காது. கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் அதற்குச் சில நிபந்தனைகள் வைத்தது. ஊருக்குக் கணவன் மனைவியாகத் தெரிந்திருக்கவேண்டும், இருவரும் மணம் செய்யத் தகுதி உள்ளவர்களாக இருக்கவேண்டும், கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்கவேண்டும் என்பவை அவை. எதிர்மனுதாரர் 'வயதுவந்த ஆண்' ஆகத்தான் இருக்கவேண்டும் என்ற சொற்களை 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. அதனால் பெண்கள் மீதும், பதினெட்டு வயது நிரம்பாதவர் மீதும் மனு போடலாம்.

இந்தச் சட்டத்தில் என் மனதுக்கு மிக நெருக்கமானது தாய்க்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இடம். குடிக்கக் காசு கேட்டு அம்மாவை அடிக்கும் மகன்கள் இல்லாத தெரு குறைவு. அந்த அம்மாக்கள் புகார் கொடுக்கவே மாட்டார்கள். "பெத்த பிள்ளைய நானே ஜெயிலுக்கு அனுப்புறதா?" என்று நம்மைத்தான் திட்டுவார்கள். அவர்களுக்கு இந்த ஆணை பொருந்துகிற அளவுக்கு வேறெதுவும் பொருந்தாது. மகன் மேல் குற்ற வழக்கு வராது. அடிக்கக்கூடாது, பென்ஷன் புத்தகத்தையும் ஏ.டி.எம். கார்டையும் தொடக்கூடாது, குடித்துவிட்டு வீட்டுக்குள் நுழையக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லும். அதற்கு மேலும் அவன் கை ஓங்கினால் அது அவன் தேடிக்கொண்டது.

காலம் கடந்துவிட்டதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஓராண்டுக்குள் மனு போடவில்லை என்ற காரணத்தால் தமிழ்நாட்டுப் பெண் ஒருவரின் வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, இந்த மனுவுக்கு அந்த ஓராண்டு வரம்பு கிடையாது என்றது. அதற்கு அடுத்த மாதம் வந்த இன்னொரு தீர்ப்பு, மனு போடும் நாளில் சேர்ந்து வாழ்ந்துகொண்டிருக்கவேண்டிய அவசியமும் இல்லை என்றது. என்றாலும், தள்ளிப்போட்டால் அவசர உத்தரவு கேட்கிற வாதம் பலவீனமாகும்.

சரி, எங்கே போவது? மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் சமூக நல அலுவலகத்தை ஒட்டிப் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். இந்தச் சட்டத்துக்காகவே நியமிக்கப்பட்டவர். நடந்ததைக் கேட்டு, 'குடும்ப நிகழ்வு அறிக்கை' என்ற முதல் படிவத்தை நிரப்பி நடுவருக்கு அனுப்புவதும், மனு எழுத உதவுவதும், ஆஸ்பத்திரிக்கும் காப்பகத்துக்கும் வழிகாட்டுவதும் அவர் கடமை. இதற்கு ஒரு பைசா கொடுக்கவேண்டாம். அவசரம் என்று போனிலோ மின்னஞ்சலிலோ தகவல் போனாலும், அவர் போலீஸ் துணையோடு சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்று விதி இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்தான் சொல்லவேண்டும் என்பதும் இல்லை. சத்தம் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தால் அதற்காக அவர்மேல் எந்த வழக்கும் வராது.

'சகி' என்று பெயர்ப்பலகை வைத்த ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கும் போகலாம். 181 என்ற உதவி எண்ணுக்கு அழைத்தால் இரவு பகலாக எடுப்பார்கள். உயிருக்கு ஆபத்தான நிமிடத்தில் 112. வக்கீல் வைக்கக் காசு இல்லை என்பவர்கள் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகவேண்டும், அல்லது 15100-க்கு அழைக்கலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல் இலவச வக்கீல் தரவேண்டும். இதைச் சொன்னால் இன்றும் பலர் நம்புவதில்லை. மாதம் 60,000 சம்பளம் வாங்கும் ஆசிரியைக்கும் அந்த உரிமை உண்டு.

யாருடைய துணையும் இல்லாமல் நேராக நடுவரிடமே மனு கொடுக்கவும் முடியும். பாதுகாப்பு அலுவலரின் அறிக்கை இல்லை என்பதற்காக மனுவைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. எந்த ஊர் கோர்ட் என்ற கவலையும் வேண்டாம். திருநெல்வேலியில் அடிபட்டு, தாம்பரத்தில் அக்கா வீட்டில் ஒதுங்கியிருக்கிறீர்கள் என்றால், தாம்பரமே போதும். தற்காலிகமாகத் தங்கும் இடத்திலும் மனு போடலாம்.

மனுவோடு ஒரு பிரமாணப் பத்திரம் தருகிறோம். அவசர இடைக்கால ஆணைக்கு மூன்றாவது படிவம். எதிர்த்தரப்பைக் கூப்பிடாமலே, இந்தப் பத்திரத்தை மட்டும் வைத்து நடுவர் அன்றைக்கே உத்தரவு போட 23-ஆம் பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. ஆகவே முழு வழக்கிலும் மிக முக்கியமான காகிதம் இதுதான். 'தினமும் அடிப்பார், கொடுமைப்படுத்துவார்' என்று எழுதிய பத்திரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைப் படிக்கும் நடுவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. முதலில் நடந்தது எப்போது, இருப்பதிலேயே மோசமானது எது, கடைசியாக நடந்தது என்றைக்கு, இந்த மூன்றையும் தேதியோடு, நேரத்தோடு, எதால் அடித்தார், எங்கே பட்டது, பிள்ளை பார்த்ததா, என்ன சொல்லி மிரட்டினார் என்று சொந்த வார்த்தையில் எழுதவேண்டும். தேதி நினைவில்லை என்றால் 'தைப்பொங்கலுக்கு மறுநாள்', 'மகளின் முழு ஆண்டுத் தேர்வு சமயம்' என்று எழுதினாலும் சரிதான். மிகைப்படுத்தி ஒரு வரிகூட வேண்டாம். ஒரு பொய் பிடிபட்டால் ஒன்பது உண்மையும் சேர்ந்து சாயும்.

அடி மட்டும்தான் வன்முறை என்று சட்டம் சொல்லவில்லை. பாலியல் கொடுமை, வார்த்தையாலும் மனதாலும் வதைப்பது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக்கூடக் காசு தராமல் வைப்பது எல்லாமே அதில் அடக்கம்.

அரசு ஆஸ்பத்திரியில் 'எப்படி அடிபட்டது?' என்று கேட்கும்போது, கூடவே நிற்கும் கணவரைப் பார்த்துக்கொண்டே 'மாடிப்படியில விழுந்துட்டேன்' என்று சொல்கிற பெண்கள் எத்தனை பேர்! அந்தப் பதில் அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். பின்னால் அதை மாற்றுவது பெரும்பாடு. முடிந்தால் டாக்டரிடம் தனியாகப் பேசவேண்டும் என்று நர்ஸிடம் கேளுங்கள், உள்ளதைச் சொல்லுங்கள், 'ஏ.ஆர். காப்பி' கேட்டு வாங்குங்கள். போலீஸ் புகார் இல்லை, அறிக்கை இல்லை என்று சொல்லிச் சிகிச்சையை மறுக்க எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை. கழுத்தை நெரித்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். வெளியே தடம் தெரியாமலே உள்ளே வீக்கம் வந்து, பல மணி நேரம் கழித்து மூச்சை அடைக்கக்கூடும். கழுத்தில் கை வைத்தவன் அடுத்த முறை கொன்றுவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது உலகம் முழுக்கக் குடும்ப வன்முறையை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. 'கோபத்துல லேசா பிடிச்சாரு' என்று அதைச் சின்னதாக்கிச் சொல்லாதீர்கள்.

காயத்தின் போட்டோ, வாய்ஸ் மெசேஜ், மிரட்டல் குறுஞ்செய்தி எல்லாவற்றையும் நம்பிக்கையான ஒருவரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். மூலச் செய்தியை அழிக்கக்கூடாது, அந்தப் போனை விற்கவோ மாற்றவோ கூடாது. போலீஸில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். கடுமையான அடி என்றால் எஃப்.ஐ.ஆர். கேட்பதும் உங்கள் உரிமை. இந்த மனு அதற்கு மாற்று இல்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம்.

இனி, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விஷயம். மனு போட்ட பிறகு ஒரு நாள் அந்த வீட்டுக்கு நோட்டீஸ் போகும். 'என்மேலயே கோர்ட்டுக்குப் போயிட்டியா' என்று ஆத்திரம் கிளம்புகிற நாள் அது. என் பார்வையில் முழு நடைமுறையிலும் ஆபத்து உச்சத்தில் இருப்பது அன்றைக்குத்தான். ஆகவே நோட்டீஸுக்கு முன்னால் இடைக்கால ஆணை கேட்பதை வக்கீலிடம் வற்புறுத்துங்கள். அன்றிரவு எங்கே தங்குவது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக், மாத்திரை, மாற்றுச் சாவி, கொஞ்சம் ரொக்கம் எல்லாம் ஒரு பையில் வேறு வீட்டில் இருக்கட்டும். இதற்கென்று 'பாதுகாப்புத் திட்டம்' என ஒரு படிவமே விதிகளில் இருக்கிறது. ஐந்தாவது படிவம். பாதுகாப்பு அலுவலர் உங்களோடு உட்கார்ந்து நிரப்பவேண்டியது. கேட்டு வாங்குங்கள்.

சட்டப் புத்தகத்தின்படி முதல் விசாரணை மூன்று நாளுக்குள், மனு முடிவது அதிலிருந்து அறுபது நாளுக்குள். நடப்பு அப்படி இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, சம்மன் சேரவில்லை, நடுவர் மாற்றலாகிவிட்டார் என வாய்தா மேல் வாய்தாவாக வருடக்கணக்கில் இழுக்கும் வழக்குகள் உண்டு. அந்த நெடுங்காலம் முழுக்க உங்களைக் காப்பது முதலில் வாங்கிய இடைக்கால ஆணைதான். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நடுவே நடுவர் உங்களைக் கவுன்சலிங்குக்கு அனுப்பலாம். அதைக் காவல் நிலையச் சமாதானத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 'அவ சமைக்கல, அதான் அடிச்சேன்' என்று அடிக்கு நியாயம் சொல்ல எதிர்மனுதாரரை அங்கே அனுமதிக்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. 'அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா' என்று அங்கேயும் யாராவது சொன்னால், அதை உங்கள் வக்கீல் மூலம் நடுவர் காதுக்குக் கொண்டுபோங்கள். சேர்ந்து வாழச் சம்மதம் என்றாலும் மனுவை வாபஸ் வாங்கவேண்டாம். சேர்ந்து வாழ்ந்துகொண்டே ஆணையை வைத்திருக்கலாம். நீங்களாகப் போய் ரத்து கேட்கும் வரை அது உயிரோடிருக்கும். சூழ்நிலை மாறிவிட்டது என்று எதிர்மனுதாரர் மனு போட்டால், நடுவர் காரணத்தை எழுதி மாற்றலாம். ஆணை திருப்தி தரவில்லை என்றால் முப்பது நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. அந்த உரிமை அவருக்கும் உண்டு.

ஆணை வந்ததும் நகல் உங்களுக்கும், எதிர்மனுதாரருக்கும், உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கும் இலவசமாகப் போகவேண்டும். போய்விட்டிருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நீங்களே ஒரு நகலைக் கொண்டுபோய் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இன்னொன்று பள்ளிக்கு, இன்னொன்று வேலை செய்யும் இடத்துக்கு, ஒன்று பக்கத்து வீட்டில், போட்டோ உங்கள் போனில். அவர் மீறினால், 'என் வீட்டுக்காரர் அடிக்கிறார்' என்று சொல்லாதீர்கள். 'கோர்ட் ஆணை இருக்கு, நம்பர் இது, அதை மீறிட்டார், 31-ஆம் பிரிவில் புகார்' என்று சொல்லுங்கள். முதல் வாக்கியத்துக்குப் பதிலாகச் சமாதானம் பேசலாம். இரண்டாவதற்கு அப்படிப் பேசி அனுப்ப யாருக்கும் இடமில்லை. ஒரு சின்ன மீறலையும் விடவேண்டாம். ஒரு மிஸ்டு கால் தானே என்று விட்டால், ஆணைக்கு எவ்வளவு நீளம் என்று அவர் அளந்து பார்த்துவிடுவார்.

'அவர் கவர்மென்ட் வேலையில இருக்காரு, வேலை போயிடுமா?' என்ற கேள்வி எல்லா முகாமிலும் வரும். பாதுகாப்பு ஆணை குற்றத் தீர்ப்பு இல்லை. வேலைக்கு ஆபத்து வருவது ஆணையை அவர் மீறித் தண்டனை வாங்கினால். அது அவர் கையில் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை.

உறவுக்கு வெளியே இருப்பவரிடமிருந்து வரும் தாக்குதலுக்கு இந்தச் சட்டம் உதவாது. காதலை மறுத்ததற்காகப் பின்தொடர்பவன், அலுவலகத்தில் மிரட்டுபவன், பக்கத்து வீட்டு ரவுடி இவர்கள்மீது வேறு வழி தேடவேண்டும். தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் பெண்கள் மீதான துன்புறுத்தல் தடைச் சட்டத்துக்கு 2025-இல் வந்த திருத்தம் இந்த இடத்தில் பெரிய உதவி. துன்புறுத்துபவன் அந்தப் பெண்ணை நேரிலோ எழுத்திலோ மின்னணு வழியிலோ பிறர் மூலமோ தொடர்புகொள்ளக்கூடாது என்று நிர்வாக நடுவர் பாதுகாப்பு ஆணை போட அது வழி செய்திருக்கிறது. பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் தனிக் குற்றம். அடிபடுபவர் ஆண் என்றால், 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவருக்கு இடமில்லை. காயப்படுத்தியதற்கு நியாய சன்ஹிதாவின் 115-ஆம் பிரிவில் புகாரும், அமைதி காக்க நிர்வாக நடுவரிடம் பிணைப்பத்திரம் எழுதி வாங்கும் வழியும் அவருக்கு உண்டு. மகனால் அல்லலுறும் அப்பாவுக்கு, மூத்த குடிமக்களுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம்.

முகாம் முடியும் நேரம் அந்தப் பெண் உறையை மறுபடி கையில் எடுத்தார். "அப்ப இதெல்லாம் குப்பைதானே மேடம், கிழிச்சுப் போட்டுடவா?" என்றார்.

வேண்டாம் என்று தடுத்தோம். ஐந்து தாளிலும் தேதி இருந்தது, அவர் கணவரின் கையெழுத்து இருந்தது. பிரமாணப் பத்திரத்தில் தேதி நினைவில்லை என்று அவர் தடுமாறிய இடங்களுக்கு அவையே பதில் சொல்லின. முதல் தாளின் தேதியைப் பார்த்துவிட்டு, "அப்ப பாப்பாவுக்கு ஏழு மாசம்" என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டோம். ஐந்தையும் தேதி வரிசையில் அடுக்கி, மேல் ஓரத்தில் எண் போட்டு, மனுவோடு இணைத்தோம்.